எழுத்தின் மேல் ஓடும் பெயர்

காலாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் அபிநயா எடுத்தது பதினொன்று. நூற்றுக்குத்தான். தலைமை ஆசிரியர் ராஜராஜன் சார் அந்த விடைத்தாளை மேசைமேல் விரித்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டையும் வைத்துவிட்டு, அவளுடைய அம்மா கலைமணியை வரச் சொல்லியிருந்தார். கணக்கு டீச்சர் என்பதால் நானும் போய் நின்றேன். மின்விசிறி ஓடாத அறையில் தாள் எங்கே பறந்துவிடப் போகிறது என்று எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது.

"ஏம்மா, நான் ஒன்னும் கெட்டதுக்குச் சொல்லல," என்று ஆரம்பித்தார் சார். "பாப்பாவுக்குப் பொறந்ததுலேருந்து பார்வை கம்மி. இப்ப பத்தாவது. நம்ம ஸ்கூல் மூணு வருஷமா நூத்துக்கு நூறு ரிசல்ட்டு. திருச்சியில இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே ஸ்கூல் இருக்கு, ஹாஸ்டலும் இருக்கு. அங்க சேத்துட்டா அதுக்கு நல்லது."

கலைமணி ஆண்டிமடத்தில் முந்திரி உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போகிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்தோல் கறுத்துக் கிடக்கும். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு நல்லதுன்னா சரிங்க சார். ரிசல்ட்டுக்கு நல்லதுன்னா எப்புடிங்க?"

சார் கண்ணாடிக் குண்டை ஒரு சுற்றுச் சுற்றினார். கலைமணியே தொடர்ந்தார். "அரையாண்டு வரைக்கும் வுடுங்க. அதுல கணக்குல பாஸாவலன்னா நானே வந்து டிசி எழுதிக் கேக்குறேன். நீங்க கூப்புடவே வேணாம்."

சார் உடனே சம்மதித்துவிட்டார். அவர் அவ்வளவு வேகமாக எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை. பார்வை குறைவு என்று ஒரு பிள்ளையை வெளியே அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பெற்றவர்களே கையெழுத்துப் போட்டு டிசி கேட்டால் சட்டம் வாயை மூடிக்கொண்டு போய்விடும். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வந்ததும் கலைமணியைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கும்மா அப்படி வாக்குக் குடுத்தீங்க?"

"நான் குடுக்கலன்னா அவரு வேற எதாச்சும் கேப்பாரு டீச்சர். நீங்க இருக்கீங்கல்ல," என்றார் அவர். அதைச் சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று விறுவிறுவென்று போய்விட்டார். என் தலையில் கட்டிவிட்டுப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்குப் புரியாத விஷயம் வேறு. அபிநயா கணக்கில் மட்டமான பிள்ளை இல்லை. வகுப்பில் நான் வாயால் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்புவதற்குள் விடை பின்னாலிருந்து வரும். "மேகலா டீச்சர் எழுதறதுக்குள்ள இவ முடிச்சுடுறா" என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். சொன்னால் போடுகிறாள், தாளில் கொடுத்தால் விழுகிறாள். கேள்வியைப் படித்துக்காட்ட ஆள் கேட்கலாமே என்றால் வேண்டாம் என்பாள். கணக்கைக் கண் எதிரே வைத்துக்கொண்டுதான் போட முடியும், ஒருத்தர் வாசித்தால் மூன்றாவது வரி வருவதற்குள் முதல் வரி ஓடிவிடுகிறது என்பது அவள் வாதம். நியாயமான வாதம்தான், எனக்கும் அப்படித்தான்.

அன்று மதிய இடைவேளையில் அவளை உட்கார வைத்து, நாங்கள் எல்லோரும் பயன்படுத்தும் கணக்குக் கையேட்டைக் கையில் கொடுத்தேன். "எங்க தடுக்குதுன்னு காட்டு."

மூக்கு தாளில் உரச, கொஞ்ச நேரம் மேய்ந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எழுத்துக்குள்ள இன்னொரு எழுத்து குறுக்க ஓடுது டீச்சர். ரெண்டும் கலந்துடுது."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திரும்பப் பார்த்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. பக்கத்தின் இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலை வரை, சாம்பல் நிறத்தில், 'தயாரிப்பு: ஜெயசீலன், பட்டதாரி ஆசிரியர்' என்று சாய்வாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாப் பக்கத்திலும் ஓடியது. வருஷக்கணக்கில் அந்தக் கையேட்டைப் புரட்டியிருக்கிறேன், அந்தப் பெயரை நான் பார்த்ததே இல்லை. நல்ல கண் அதைத் தானாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். அவளுடைய கண்ணுக்குத் தள்ளத் தெரியாது.

எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் இது ஒரு வழக்கம். வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு பாடக்குறிப்போ வினாத்தொகுப்போ போட்டால், பக்கத்தின் நடுவில் பெயர் குறுக்கே ஓட வேண்டும். கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைப்பார்களே, அதே கதைதான். அதை எடுத்து அனுப்புகிற அடுத்தவர் தன் பெயரையும் ஒரு ஓரத்தில் ஏற்றுவார். அதைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மகேஷ் கடையில் ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் போட்டு, பிள்ளைகள் கைக்கு வரும்போது பெயர்களுக்கு நடுவில் கணக்கு ஒளிந்துகொண்டிருக்கும். காலாண்டு வினாத்தாளிலும் வெளியே கசியாமல் இருப்பதற்கென்று பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே எழுத்து ஓடியது. பதினொரு மதிப்பெண்ணுக்குக் காரணம் அப்போது விளங்கியது.

முதலில் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தேன். மகேஷ் கடையில் கொடுத்துப் பெரிதாக நகல் எடுத்தேன். எழுத்து பெரிதானது. கூடவே ஜெயசீலன் சாரும் பெரிதானார். கல்யாண ஃப்ளெக்ஸ் மாதிரி அவர் பெயர் பக்கம் முழுக்க நின்றது. அபிநயா அதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயசீலன் சாருக்கே போன் செய்தேன். ஜெயங்கொண்டம் பக்கத்தில் வேலை பார்க்கிறவர். மாவட்டத்தில் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், அரையாண்டு வினாத்தாள் குழுவுக்கும் அவர்தான் தலைவர். மோசமான மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மா வகுப்பு எடுக்கிறவர். விஷயத்தைச் சொல்லி, பெயர் ஓடாத கோப்பு ஒன்று வேண்டும், எழுத்தை மாற்றிப் பெரிதாக்க வசதியாக இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க," என்றார். "பேரு இல்லாம குடுத்தா நாளைக்கே எவனாச்சும் அவன் பேர போட்டுக்குவான். ராப்பகலா ஒழைச்சது. பிடிஎஃப் இருக்குல்ல, அத ஜூம் பண்ணிப் படிக்கச் சொல்லுங்க."

"ஜூம் பண்ணா உங்க பேரும் சேந்து வருது சார்."

"பாப்பா பழகிக்கும் மேடம்," என்று வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நானே முழுக் கையேட்டையும் தட்டச்சு செய்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். பின்னமும் வர்க்கமூலமும் படங்களும் இரண்டு பக்கத்திலேயே என்னை உட்கார வைத்துவிட்டன. முன் வரியைச் சரி செய்தால் பின் வரி சாய்ந்தது. இந்த வேகத்தில் போனால் அபிநயாவின் பிள்ளை பத்தாவது வரும்போதுதான் முடியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கலைமணி வெளியே முந்திரிப் பருப்புத் தோல் நீக்கிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், வூட்டுக்குள்ள புழுக்கமா இருக்கும், ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றார். அபிநயாவின் அண்ணன் படிப்பு முடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். படிக்கும்போது அவனுக்கு அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருந்தது. செல்போனைவிடப் பெரிய திரையாயிற்றே, அதில் கையேட்டைப் போட்டு அவளுக்கு எந்த அளவு எழுத்து தேவை என்று பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது. ஒரு பக்கத்தைத் திறந்தால் மொத்தமாக வராது. முதலில் கோடுகள், பிறகு எழுத்து, அதற்கும் பிறகு மீதி என்று ஆடி அசைந்து வரும். நான் பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி தோன்றியது. படிப்பதற்குள் ஒரு வெள்ளைப் பட்டை வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. கடைசியாக ஜெயசீலன் சார் குறுக்கே சாய்ந்தார்.

"ஏய், அதுல என்னமோ எழுதியிருந்துச்சு," என்றேன்.

பக்கத்தை மூடித் திறந்தேன். இரண்டு சொல் கிடைத்தது. மறுபடி மூடித் திறந்தேன். அபிநயாவுக்கு இது விளையாட்டாகிவிட்டது. "இப்ப வரும் டீச்சர், இப்ப வரும்" என்று தொடையில் தட்டினாள். அரைமணி நேரம் அந்தக் கிழட்டு மடிக்கணினியோடு கண்ணாமூச்சி ஆடி, துண்டு துண்டாக அந்த வரியைக் கோர்த்தோம்.

'இந்தப் பாடங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், தேவைக்கு ஏற்ப மாற்றலாம். உருவாக்கியவர்களின் பெயரைக் குறிப்பிடுங்கள். மாற்றியதையும் இதே உரிமையோடு மற்றவர்களுக்குக் கொடுங்கள்.' அதற்குக் கீழே ஓர் இணைய முகவரியும் ஏழெட்டு ஆசிரியர்களின் பெயர்களும் இருந்தன. வெவ்வேறு மாவட்டத்துக்காரர்கள். அதில் ஜெயசீலன் என்று யாருமில்லை.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. யாரோ நாலு பேர் எல்லோருக்கும் என்று செய்து வைத்ததை எடுத்து, எல்லோருக்கும் என்ற வரியை மட்டும் வெள்ளையடித்து மூடி, மேலே தன் பெயரை ஓடவிட்டு, யாரும் மாற்ற முடியாதபடி கோப்புக்குப் பூட்டும் போட்டுவிட்டு, ராப்பகலா ஒழைச்சது என்கிறார். செல்போனை எடுத்து ஆசிரியர் குழுவில் அவர் மானத்தை வாங்குகிற மாதிரி ஒரு செய்தி அடிக்க ஆரம்பித்தேன். நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

"டீச்சர், சண்டய அப்பறம் போடுங்க," என்றாள் அபிநயா. "அந்த அட்ரஸ்ல புக்கு இருக்கான்னு மொதல்ல பாருங்க."

இருந்தது. முழுப் புத்தகமும், எழுத்தை மாற்றக்கூடிய கோப்பாகவே இருந்தது. படங்கள் தனியாக இருந்தன. கடவுச்சொல் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷம் அரசாங்கப் பள்ளியில் வேலை பார்த்தவளுக்கு அனுமதி வாங்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடக் கை வராது. எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தும், 'உயர்திரு' என்று தொடங்கி, பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஒரு மாணவிக்காக எழுத்தைப் பெரிதாக்க அனுமதி வேண்டி நீளமாக ஒரு விண்ணப்பம் எழுதி அவர்களுக்கு அனுப்பினேன்.

மறுநாள் அந்தக் குழுவிலிருந்து ஜெயலட்சுமி என்கிற ஆசிரியை பதில் போட்டிருந்தார். 'அனுமதியைத்தான் பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைத்திருக்கிறோமே மேடம். வேலையை ஆரம்பியுங்கள். பெரிய எழுத்துப் புத்தகம் எங்களிடம் இல்லை. முடிந்ததும் எங்களுக்கும் அனுப்புங்கள், மற்ற பிள்ளைகளுக்கு ஆகும்.' என் விண்ணப்பத்தின் நீளத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பே அந்த வேலையில் இறங்கியது. மாலையில் கணினி அறையில் ஆளுக்கொரு பாடம் எடுத்துக்கொண்டார்கள். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கோடு எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அபிநயா சொன்னால்தான் சட்டம். முக்கோணத்தின் மூலையில் எழுத்து கோட்டோடு ஒட்டி நின்றால் "தள்ளி வைடி, ஒட்டிக்கிட்டு நிக்குது" என்று அதட்டுவாள். வெள்ளைத் தாள் கண் கூசுகிறது என்றாள். நோட்டீஸ் அடிக்கும் மஞ்சள் தாள் மகேஷ் கடையில் இருந்தது, அதில் ஒரு பக்கம் போட்டுப் பார்த்தோம், அது ஒத்து வந்தது. மாற்றலாம் என்றுதான் எழுதியிருக்கிறதே என்று பிள்ளைகள் கணக்குகளையும் ஊருக்கு இழுத்தார்கள். கோபுரத்தின் உயரம் கேட்ட கணக்கு முந்திரி மரத்தின் உயரமானது. பன்னிரண்டு மீட்டரில் முந்திரி மரம் நம்ம ஊரில் ஏது என்று ஒரு சண்டை நடந்து, மரம் எட்டு மீட்டருக்கு இறங்கியது.

புத்தகம் மூன்று பாகமாக வந்தது. அபிநயா அதை மடியில் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். வாசிப்பது மெதுவாகத்தான். ஆனால் நிற்கவில்லை. யாரையும் கூப்பிட்டு இது என்ன எழுத்து என்று கேட்கவில்லை. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடி, நேராக உட்காரச் சொல்லி அதட்டிவிட்டுப் போனேன்.

கடைசிப் பக்கத்தில் முதலில் செய்தவர்களின் பெயர்களை எழுதினோம். 'பெரிய எழுத்தில் மாற்றியது: பத்தாம் வகுப்பு' என்று சேர்த்தோம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம் என்ற வரியை அப்படியே வைத்தோம். ஜெயலட்சுமி மேடத்துக்கு அனுப்பிவிட்டு, பூட்டில்லாத கோப்பை ஆசிரியர் குழுவிலும் போட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் அது திரும்பி வந்தது. வேறு ஒரு குழுவிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தது. திறந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும், எங்கள் எழுத்து பெரிது என்பதால் அதற்கு ஏற்றாற்போல் இன்னும் பெரிதாக, ஜெயசீலன், பட்டதாரி ஆசிரியர். அரையாண்டுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அந்த வினாத்தாளையும் அவர்தான் தயாரிக்கிறார். அதிலும் இப்படித்தான் குறுக்கே ஓடப்போகிறது. புத்தகத்தை மாற்றிவிட்டோம், வினாத்தாளை நான் எப்படி மாற்றுவது? நல்லபடியாகப் படித்துவிட்டு அபிநயா தேர்வு அறையில் போய் மறுபடியும் பதினொன்று வாங்கப்போகிறாள். கலைமணி சொன்ன சொல் மாறாமல் வந்து டிசி கேட்கப்போகிறார்.

சனிக்கிழமை அரியலூரில் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி இருந்தது. பக்கத்து மாவட்டமான பெரம்பலூரிலிருந்தும் சிலர் வருவார்கள். பயிற்சி கொடுப்பவர் ஜெயசீலன் சார். "கலைமணி, சனிக்கிழமை ஒரு நாள் கூலி போகும், பாப்பாவ கூட்டிக்கிட்டு என்கூட வர்றீங்களா?" என்று கேட்டேன். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, போய்ச் சேரும்போது வகுப்பு ஆரம்பித்திருந்தது. மூன்று பேரும் நேராக உள்ளே போனோம்.

"சார், ஒரு பாப்பா கணக்குப் புத்தகம் வாசிக்கணும்னு வந்திருக்கு. கொஞ்ச நேரம் குடுங்க," என்றேன்.

ஜெயசீலன் சார் பாடத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பாராட்டத்தான் கூட்டி வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "வாம்மா, வா" என்று நாற்காலி போடச் சொன்னார். அபிநயா உட்கார்ந்து எங்கள் மஞ்சள் பக்கத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஒரு முந்திரி மரத்தின் அடியிலிருந்து எட்டு மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து பார்க்கும்போது, மரத்தின் உச்சி நாற்பத்தைந்து பாகை ஏற்றக் கோணத்தில் தெரிகிறது. மரத்தின் உயரம் என்ன?" என்று வாசித்து முடித்து, "எட்டு மீட்டர் சார்," என்று விடையையும் சொன்னாள். யாரோ கை தட்டினார்கள்.

சுற்றி வந்த அதே பக்கத்தை நகலெடுத்து வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன்.

"ஒரு முந்திரி ம... ஜெ... மரத்தின் அடியி... ய..." தாளை இன்னும் நெருக்கினாள். "இது எட்டா, மூணா தெரியல. மீட்டர்..." நெற்றியில் வியர்த்துவிட்டது. கை தட்டியவர்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவள் அதைக் கவனிக்காமல் என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், இங்க ஒரு 'சீ' நிக்குது. இது கணக்குல உள்ளதா, வெளிய உள்ளதா?"

சிரிப்பு நின்றது. ஜெயசீலன் சார் தாளை எட்டிப் பார்த்தார். அது யாருடைய 'சீ' என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"பெருசு பண்ணிப் பாத்தா..." என்று முனகினார்.

"பெருசு பண்ணா அதுவும் சேந்து பெருசாவுது சார்," என்றாள் அபிநயா. அவள் கிண்டல் செய்யவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "இது உங்களுது இல்ல சார், என்னுதும் இல்ல. செஞ்சவங்க எல்லாருக்கும்னு குடுத்தது. அப்படி எழுதியிருந்த வரிய வெள்ளை வெச்சு மூடுனது யாருன்னு கேக்க நான் வரல. அரையாண்டுக் கேள்வித்தாள் குறுக்க எழுத்து ஓடாம, பெரிய எழுத்துல, மஞ்சள் தாள்ல இந்தப் பாப்பாவுக்கு ஒன்னு வேணும். குடுக்கறேன்னு சொல்ற வரைக்கும் நாங்க மூணு பேரும் இங்கதான் உக்காந்திருப்போம்."

கலைமணி உடனே பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் ஓர் ஆசிரியை எழுந்தார். "நான் லாவண்யா, பெரம்பலூர் மாவட்டம், குன்னம் பக்கம். என் கிளாஸ்லயும் ஒரு பையன் இருக்கான் மேடம். மக்குன்னு நெனச்சு வுட்டுட்டோம். அந்தப் புக்கு எனக்கும் வேணும். பேரு ஓடாதது."

எனக்கும் வேண்டும் என்று இன்னும் இரண்டு கை எழுந்தது. ஜெயசீலன் சாரின் முகம் கறுத்துப்போயிருந்தது. கத்தப்போகிறார் என்று நானும் தயாராகிக்கொண்டேன். அவரோ அபிநயாவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எம்மா, எல்லாரும் போடுறாங்கன்னு நானும் போட்டேன். பேரு போட்டுக்கறதுல ஒரு ஆசதான். எங்க போட்டா ஒனக்கு இடைஞ்சல் இல்ல?"

அபிநயா நிஜமாகவே யோசித்தாள். "கடைசிப் பக்கத்துல, செஞ்சவங்க பேருக்கெல்லாம் கீழ போடுங்க சார். கணக்கெல்லாம் முடிச்சுட்டு வந்து படிக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். அங்கேயே அவருடைய மடிக்கணினியைத் திறந்து, பூட்டில்லாத கோப்புகளை லாவண்யாவுக்கும் மற்றவர்களுக்கும் அனுப்பினார். வினாத்தாளுக்கு மேலிடத்தில் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். நான் அவரை நம்பவில்லை. அடுத்த வாரம் முழுக்கக் காலையும் மாலையும் போன் செய்து நினைவுபடுத்திக்கொண்டே இருந்தேன். "வரும் மேடம், வரும்" என்று கடைசியில் கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

வந்தது. அரையாண்டுக் கணக்குத் தேர்வன்று மற்ற வினாத்தாள்களோடு ஒரு மஞ்சள் கட்டு தனி உறையில் வந்தது. குறுக்கே எதுவும் ஓடவில்லை. அபிநயா பார்வைக் குறைவுக்கென்று தரும் கூடுதல் நேரத்தையும் விடாமல் பயன்படுத்தி, தானே எழுதி, கடைசி ஆளாக வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. விடைத்தாள் கட்டை வாங்கப் போய்விட்டேன்.

அவளே படிக்கிற மாதிரி அவளுடைய விடைத்தாளைத் தடித்த சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் திருத்தினேன். கருணை மதிப்பெண் என்று ஒன்றுகூடப் போடவில்லை. ஐம்பத்தெட்டு வந்தது. ராஜராஜன் சார் "தாராளமா போட்டிருக்கீங்களோ?" என்றார். நீங்களே பாருங்கள் என்று தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். "சரி, இங்கயே எழுதட்டும்," என்று சொல்லிவிட்டு வேறு கோப்பை எடுத்தார். நான் வராந்தாவில் நின்றே கலைமணிக்குப் போன் செய்து சொன்னேன். எதிர்முனையில் கொட்டை உடைக்கும் சத்தம் நின்றது. "சரிங்க டீச்சர், நான் அப்பறம் பேசுறேன்" என்றார். குரல் உடைந்திருந்தது.

வகுப்பில் தாள்களைக் கொடுத்தபோது மதிய மணி அடித்துவிட்டது. எல்லோரும் சாப்பிட ஓடினார்கள். அபிநயா மட்டும் போகவில்லை. தாளை மூக்கோடு வைத்து ஒவ்வொரு பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தாள். நான் என் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் எழுந்து வந்தாள்.

"டீச்சர், இது அம்பத்தெட்டு இல்ல. அறுவது. எட்டாவது கணக்குக்கு ரெண்டு மார்க்கு போட்டுட்டு, கூட்டாம வுட்டுட்டீங்க."

வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் கூட்டினேன். ராஜராஜன் சார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தும் தப்பியிருந்தது. அறுபதுதான்.

"இத்தன வருஷமா என் பேப்பர யாரு டீச்சர் கூட்டிப் பாத்தா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் செய்தியை விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்.

ஐம்பத்தெட்டை அடித்து, பக்கத்தில் அறுபது என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதையும் முகத்தருகே கொண்டுபோய் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டுதான் சாப்பிடப் போனாள்.